எண்ணைக் காட்டும் முன் கேள்வித்தாளைக் காட்டுங்கள்

தாராவியில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஒரு கட்டுரையில் ஆறு லட்சம், இன்னொன்றில் பத்து லட்சம். இரண்டையும் அடித்துச் சொல்லியிருப்பார்கள். யார் எண்ணினார்கள், எந்த வருடம், மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்த்தார்களா என்ற விவரம் எதுவும் இருக்காது. சமூக ஆய்வுகளைப் பற்றி எனக்குள்ள பெரிய ஆதங்கம் இதுதான்.

மும்பையில் தமிழ்க் குடும்பங்களிடம் போய்க் கேள்வி கேட்டுத் தகவல் திரட்டுவது என் வேலை. இங்கே சர்வே என்று சொன்னாலே கதவு பாதி சாத்திக்கொள்ளும். தாராவியின் குடிசைகளை இடித்து அடுக்குமாடி கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருக்கும் தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மற்றவர்களுக்கு வேறு இடம், வேறு கணக்கு. இந்த நிலைமையில் ஃபார்மும் கையுமாக ஒருவர் வந்து நின்று, "எத்தனை வருஷமா இருக்கீங்க? மேல யார் இருக்காங்க?" என்று கேட்டால், அது குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றிய ஆய்வாகவே இருந்தாலும், அந்த அக்கா தன் வீட்டை மனதில் வைத்துத்தான் பதில் சொல்வார். ‘மக்கள் பொய் சொல்கிறார்கள்’ என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

கேள்வி சரியில்லை என்றால் பயமே இல்லாதவரும் தப்பான பதில்தான் தருவார். இட்லி வியாபாரம் செய்யும் வீட்டில் போய், "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேளுங்கள். "இல்லப்பா, வீட்லதான் இருக்கேன்" என்பார். அவருக்குப் பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். அவர் அவித்த இட்லியை விடியும் முன்பே கணவர் சைக்கிளில் எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஃபார்மில் விழுவது ‘வேலை இல்லை’. அதே அம்மாவிடம், நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மாவு, சட்னி, பாத்திரம், மறுநாளுக்கு அரிசி ஊறப்போட்டது என்று ஒவ்வொன்றாக வரும். 2019-இல் நாடு முழுவதும் முதன்முறையாக நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இப்படித்தான் கேட்டது: முந்தைய நாள் அதிகாலை 4 மணியில் தொடங்கி 24 மணி நேரத்தையும் அரை அரை மணியாக.

தேசிய அளவிலும் இதே கதைதான். சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து அரசு நடத்தும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 55-வது சுற்றில், 1999-2000-இல், உணவுச் செலவை 7 நாள் கணக்கு, 30 நாள் கணக்கு என்று ஒரே ஃபார்மில் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒன்றுக்குச் சொன்ன பதில் இன்னொன்றையும் இழுத்து, செலவைக் கூடுதலாகக் காட்டிவிட்டது என்பது விமர்சனம். வறுமை 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாக இறங்கிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. அதை 1993-94-ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடவே முடியாது என்று ஒரு தரப்பு சொல்ல, பொருளாதார அறிஞர்களுக்குள் வருடக்கணக்கில் வாதம் நடந்தது. அந்த வாதம் நடக்க முடிந்ததே கேள்வித்தாள் எல்லோர் பார்வைக்கும் கிடைத்ததால்தான். தனியார் சர்வேக்கள் பலவற்றில் அதைக் கண்ணால்கூடப் பார்க்க முடிவதில்லை.

அப்புறம் கூலி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல இடங்களில் ஃபார்முக்கு இவ்வளவு என்று பேசி ஆள் எடுக்கிறார்கள். வீடு பூட்டியிருந்தால் காசு கிடையாது. அதனால் அந்த வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பிவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற குடும்பங்கள் இப்படியே கணக்கிலிருந்து கழன்றுவிடுகின்றன. ஒரு மணி நேரக் கேள்வித்தாளை இருபது நிமிடத்தில் முடிக்கிற பையனை நான் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் வயிறு இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பத்தில் ஒரு வீட்டுக்காவது மறுபடி போய்ச் சரிபார்க்கும் செலவைத்தான் முதலில் வெட்டினார்கள். இந்தியப் புள்ளியியலின் முன்னோடி மஹலனோபிஸ், வங்காளத்தில் சணல் பயிரைக் கணக்கெடுத்த 1930-களிலேயே, ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தவர். டேப்லெட்டும் ஜிபிஎஸ்ஸும் கையில் இருக்கும் இந்தக் காலத்தில் அந்தப் பொறுமை நமக்கு இல்லை.

2011-க்குப் பிறகான மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். இந்த முறை சாதியும் கேட்பார்கள். சந்தில் நாலு பேர் நிற்கும்போது அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும்? திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பத்தின் சாதிப் பெயரை மராத்தியும் இந்தியும் மட்டும் தெரிந்த ஒருவர் எப்படி எழுதிக்கொள்வார்? தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பக்கம் இருக்கும் தமிழ்ச் சங்கங்கள், தமிழ் தெரிந்த கணக்கெடுப்பாளர்கள் வேண்டும் என்று தங்கள் வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஆய்வு நடத்தும் நண்பர்களிடமும் கேட்கிறேன்: அடுத்த அறிக்கையோடு தமிழில் நீங்கள் கேட்ட கேள்விகளை அப்படியே போடுங்கள். எத்தனை வீடு பூட்டியிருந்தது, எத்தனை பேர் பேச மறுத்தார்கள், கேட்கப் போனவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.