மஞ்சள் பூ என்றால் பொறாமையா?

'இடைக்கால ஐரோப்பியக் காதல் பாடல்களில் பூக்கள் ரகசியக் குறியீடு: சிவப்பு ரோஜா காதல், மஞ்சள் பூ பொறாமை' என்றொரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. பூவுக்கொரு பொருள் சொல்லும் அகராதிகள் 19ஆம் நூற்றாண்டில் பரவியவை. 1819இல் பாரிஸில் வெளியான சார்லோத் த லத்தூரின் நூல் அவற்றுள் புகழ்பெற்றது.

துருபதூர்கள் எனப்பட்ட இடைக்காலத் தென் பிரான்ஸ் கவிஞர்களின் காதல் பாடல்களில் பூ என்ன சொல்கிறது என்பதை அது வரும் இடமே தீர்மானிக்கும். 12ஆம் நூற்றாண்டின் பெர்னார்த் த வெந்ததோர்ன், காதல் மகிழ்ச்சியில் குளிரையே வெள்ளை, சிவப்பு, மஞ்சள் பூவாகக் காண்கிறார். அந்த மஞ்சளில் பொறாமை எங்கே? அக்கித்தேன் கோமகன் ஒன்பதாம் கியோம் பாட்டில் ஹாத்தார்ன் முள்மரக்கிளை இரவெல்லாம் மழையிலும் உறைபனியிலும் நடுங்குகிறது. மறுநாள் பச்சை இலைகளில் வெயில் பரவுகிறது. அவர் காதலின் நிலையும் அதுதான்.

ரோஜா காதலியைக் குறிப்பதுண்டு. 1230 வாக்கில் கியோம் த லொரிஸ் தொடங்கிய 'ரோஜாவின் காதை' என்ற பிரெஞ்சு நெடுங்கவிதையில் மொட்டே அவள். அதே ரோஜா அக்காலப் பக்திப் பாடல்களில் அன்னை மரியாளுக்கும் உரியது.