சில்லர் வாங்கும் முன் திரும்பு நீரைப் பாருங்கள்

ஒரே பிளான்ட்டில் சில்லர் என்ற எந்திரத்தால் நீரைக் குளிரவைத்து, குழாய் வழியாகப் பல கட்டடங்களின் ஏசிக்கு அனுப்புவதுதான் டிஸ்ட்ரிக்ட் கூலிங். அதைச் சொன்னதும் எல்லாரும் பிளான்ட் எத்தனை டன் (குளிரூட்டும் திறனின் அளவு) என்றுதான் கேட்கிறார்கள். கட்டடங்களிலிருந்து தண்ணீர் எத்தனை டிகிரியில் திரும்புகிறது என்று கேட்பவர் குறைவு. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

5 டிகிரியில் அனுப்பினால் 13-இல் திரும்பும் என்று வடிவமைத்திருப்பார்கள். நடப்பில் 9-இலேயே வந்துவிடும். 1,000 டன்னுக்கு 8 டிகிரி வித்தியாசத்தில் நொடிக்கு 105 லிட்டர் போதும். 4 டிகிரி என்றால் 210. அதே குழாயில் இரட்டிப்பு நீர் போனால் உராய்வு நான்கு மடங்கு, பம்ப் மின்சாரம் ஏறக்குறைய எட்டு மடங்கு. பம்ப் திணறும், கடைக்கோடிக் கட்டடம் புழுங்கும். உடனே "பிளான்ட் பத்தவில்லை" என்று இன்னொரு சில்லர் வாங்குவார்கள். அரைச் சுமையில் ஓடும் சில்லர்களோடு அதுவும் சேரும்.

கோளாறு கட்டடத்துக்குள் இருக்கிறது. மூன்று வழி வால்வு, காயிலுக்கு (அறைக் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளுக்கு) தேவைப்படாத நீரைக் குளிர்ச்சி குறையாமல் அப்படியே திருப்பி அனுப்பும். அந்த இடத்தில் தேவையான நீரை மட்டும் விடும் இருவழி வால்வுதான் வேண்டும். ஏர் ஃபில்டர் அடைத்தால் காயிலில் காற்று குறையும். வால்வு முழுதாகத் திறந்தும் நீர் சூட்டை வாங்காமலே ஓடிவிடும். தெர்மோஸ்டாட்டை 18-இல் வைத்தாலும் இதே கதிதான். குழாயைக் கழுவ (ஃப்ளஷிங்) திறந்த பைபாஸை, அதாவது காயிலுக்குள் போகாமல் நீரைத் திருப்பிவிடும் குறுக்குக் குழாயை, மூட மறப்பதும் உண்டு, கேட்டால் சிரிப்பு வரும்.

பிளான்ட் நீரும் கட்டட நீரும் கலக்காமல் குளிர்ச்சியைக் கைமாற்றும் கருவி ஹீட் எக்ஸ்சேஞ்சர். பலர் கண்ணில் படாதது அதன் செட்பாயின்ட், அதாவது கட்டட நீர் எட்ட வேண்டும் என்று நாம் வைக்கும் வெப்பநிலை. எக்ஸ்சேஞ்சர், வரும் பிளான்ட் நீருக்கும் குளிர்ந்து போகும் கட்டட நீருக்கும் நடுவே 1 டிகிரி இடைவெளிக்கு வடிவமைத்ததாக இருக்கும். பிளான்ட் நீர் 5.5-இல் வரும்போது கட்டடப் பக்கம் 6 கேட்டால் எட்டவே எட்டாது; வால்வு நாள் முழுக்க அகலத் திறந்து கிடக்கும். 7 வையுங்கள். வரும் நீரின் வெப்பநிலை ஏறினால் செட்பாயின்ட்டும் கூடவே ஏறட்டும்.

குற்றவாளியைப் பிடிக்கப் புதுக் கருவி வேண்டாம். கட்டடம் எடுத்த குளிர்ச்சியை அளக்கும் பிடியூ மீட்டரில் ஓடிய நீரின் கன மீட்டரும் இருக்கிறது, எடுத்த குளிர்ச்சியின் மெகாவாட் மணியும் இருக்கிறது, முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். 8 டிகிரிக்கு சுமார் 107 வர வேண்டும். 200 காட்டும் கட்டடத்தில் முதலில் ஏறுங்கள்.

டென்மார்க்கில் கட்டடங்களுக்குச் சூடான நீர் அனுப்பும் பல வெப்ப வலையமைப்புகளில், திரும்பும் நீர் அளவுக்கு மேல் சூடாக வந்தால் கூடுதல் கட்டணம், நன்றாக ஆறி வந்தால் தள்ளுபடி. குளிர்ச்சி ஒப்பந்தங்களிலும் இதைத் திருப்பிப் போட்டு எழுத வேண்டும். டன் மணிக்கு (எடுத்த குளிர்ச்சியின் அளவுக்கு) மட்டும் பில் போட்டால் ஃபில்டரை யார் கழுவுவார்கள்? ஆனால் மணிக்கொரு முறை எடுத்த வெப்பநிலைகளின் வெறும் சராசரியை அளவுகோலாக வைக்காதீர்கள். ஆளில்லாத இரவும் உச்சி வெயில் நேரமும் அதில் ஒரே எடை பெறும். மாத மொத்தக் கன மீட்டரை மாத மொத்த மெகாவாட் மணியால் வகுத்த எண்ணே ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.