அத்தையை வராண்டாவில் படுக்க வைத்தவன் எழுதுகிறேன்

மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுக்கச் சொல்லி ஒருவர் பேசிய அந்த வீடியோவை இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். நானும் முழுசாகப் பார்த்தேன். பிரீமியம் கணக்கெல்லாம் சரி. "பாலிசி எடுக்காதவன்தான் வீட்டுப் பெரியவங்களை ஜிஹெச் வராண்டாவில் படுக்க வைப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தாரே, அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. ஜிஹெச் என்றால் அரசு மருத்துவமனை. கீழே என் நண்பர்கள் நாலு பேர் கைதட்டியிருந்தீர்கள்.

காப்பீடு வேறு, மருத்துவம் வேறு. காப்பீடு பில்லுக்குப் பணம் தரும், அதுவும் நிபந்தனையோடு. உடம்புக்கு முடியாதவன் போய் நிற்க ஒரு இடம் வேண்டும், அதை எந்தப் பாலிசியும் கட்டித் தராது.

நான் பாலிசி எடுக்காதவன் இல்லை. அப்பாவுக்கு 3 லட்சத்துக்கு எடுத்து, ஒரு க்ளெய்ம் கூட இல்லாமல் ஒன்பது வருஷம் கட்டினேன். 2023இல் பித்தப்பைக் கல் ஆபரேஷன். பாலிசியில் ரூம் வாடகை ஒரு நாளைக்கு 3,000தான். அந்த ரூம் காலியில்லை என்று தனியார் மருத்துவமனையில் 5,000 ரூபாய் ரூமைக் கொடுத்தார்கள். வாடகையில் மட்டும் கழிப்பார்கள் என்று நினைத்தேன். டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டினார்கள். கையுறை, பஞ்சு எதற்கும் பணம் கிடையாது. பில் 1,90,000. வந்தது 1,21,000.

பணம்கூடப் போகட்டும். டிஸ்சார்ஜ் என்று சொன்னது காலை பதினொரு மணி. மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் தர காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் ஒப்புதல், அதாவது கேஷ்லெஸ் அப்ரூவல், வர இரவு ஒன்பது. அதுவரை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டிய கையை மடியில் வைத்தபடி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "என்னால உனக்குக் கஷ்டம்ப்பா" என்று மூன்று தடவை சொன்னார்.

மறு வருஷம் அத்தை பைபாஸில் அடிபட்டார். தொடை எலும்பு முறிவு. 108 நேராக மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கொண்டுபோய் இறக்கியது. நான் போய்ச் சேர்வதற்குள் எக்ஸ்ரே எடுத்து, காலில் எடை கட்டியிருந்தார்கள். வார்டில் இடமில்லை, வராண்டாவில் கட்டில் போட்டார்கள். ஆமாம், வராண்டாவில்தான் படுக்க வைத்தேன். நாலாம் நாள் ஆபரேஷன் செய்து எலும்பில் ராடு வைத்தார்கள். மூன்று மாதத்தில் நடந்தார்.

"அந்த ராடுக்கு முதல்வர் காப்பீட்டு அட்டைதானே பயன்பட்டது, அதுவும் காப்பீடுதானே" என்று கேட்பீர்கள். அதற்கு அரசு பிரீமியம் கட்டுகிறது, நம் எல்லோருடைய வரியிலிருந்து. அத்தை ஒரு ரூபாய் கட்டவில்லை. நான் கேட்பதும் அதைத்தான், எல்லோருக்கும் கேட்கிறேன். அந்த அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். துணிக்கடையில் மாதம் 15,000 வாங்கும் பெண்ணுக்குக் கிடையாது. அவள் எந்தப் பிரீமியத்தைக் கட்டுவாள்? சுகர் இருந்தால் தனியார் பாலிசியில் அதற்கு 3 வருஷம் வரைகூடக் காத்திருக்கச் சொல்லலாம். தாய்லாந்து 2002இல் எல்லோருக்கும் மருத்துவம் கொண்டுவந்தது, ஒரு தடவை போனால் 30 பாத் என்று. அப்போது அது பெரிய பணக்கார நாடா என்ன?

"ஜிஹெச்சில் அழுக்கு, கூட்டம், லஞ்சம்." இருக்கிறது. ஸ்ட்ரெச்சர் தள்ள என்னிடமே நூறு ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். கழிப்பறைக்குப் போக அத்தை அழுதார். ஆனால் இதைக் கேட்க வேண்டியவர்கள் யார்? மனு எழுதத் தெரிந்தவன், நாலு பேரைத் தெரிந்தவன் எல்லாம் பாலிசியோடு வெளியேறிவிட்டோம். மிச்சம் இருப்பவர்களின் குரல் எங்கேயும் கேட்காது. 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்குவோம் என்று 2017 தேசியக் கொள்கை சொன்னது. அது எங்கே என்று கேட்டு ஒரு வீடியோ போட்டிருந்தால் நானே முதலில் பகிர்ந்திருப்பேன்.

பாலிசி எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எடுங்கள், நானும் இன்னும் கட்டுகிறேன். அது இல்லாதவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்த வராண்டாவில் அத்தைக்குப் பக்கத்துக் கட்டிலில், தன் அம்மாவுக்கு ராத்திரி முழுக்க விசிறிவிட்ட பையனைப் பொறுப்பில்லாதவன் என்று என் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம்.

நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் பார்க்கும் நாள். ஏழரைக்கெல்லாம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மாத்திரை வாங்க வேண்டும். எங்களைப் பார்க்க வேண்டுமென்றால் வராண்டாவில்தான் உட்கார்ந்திருப்போம், வாருங்கள்.