ஆணத்தில் கலந்த மாத்திரை

மனநோயாளியைச் சமமாக நடத்துவது பற்றிப் பேசினால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு முதலில் ஏர்வாடித் தீதான் ஞாபகம் வரும். மனநோய் தீர வேண்டி நோயாளிகளைக் கூட்டிவரும் தர்கா இருக்கிற ஊர், ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட வழியில்லாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரிக் காப்பகங்களை அரசு இழுத்து மூடியது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது.

சரி, சங்கிலிக்குத் தடை வந்துவிட்டது. நோயாளியிடம் பொய் சொல்வதற்கு என்ன தடை இருக்கிறது?

"கந்தூரி பாத்துட்டு வரலாம் வா" என்று தர்கா திருவிழாவைச் சொல்லி வண்டியில் ஏற்றி, எங்கேயோ சேர்த்துவிட்டு வருகிறார்கள். "ரெண்டு நாள்ல வந்துடுறோம்" என்று சொன்னவர்கள் பெருநாளுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. டாக்டர் "ராத்திரி தூங்குறீங்களா?" என்று நோயாளியைப் பார்த்துத்தான் கேட்கிறார். பதில் மச்சானிடமிருந்து வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தம்பிக்குச் சந்தேக நோய். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பதுதான் அவனுடைய பெரிய பயம். மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தான். லாத்தா, அதாவது அவனுடைய அக்கா, அதைப் பொடித்து மீன் ஆணத்தில் (குழம்பில்) கலந்து கொடுத்தார். ஒருநாள் அம்மியோரம் வெள்ளைப் பொடியைப் பார்த்துவிட்டான். அப்புறம் யார் என்ன சொல்லி என்ன? அவன் பயந்தது நிஜமாகிப்போனது. வீட்டுச் சோற்றைத் தொடவே இல்லை. கடை பன்னும் டீயும்தான். அந்த வீட்டில் நோயை வளர்த்தது பாசம்தான். லாத்தாவை நான் குறை சொல்லவில்லை. "ஒரு ராத்திரி எங்க வீட்ல படுத்துப் பாரு தம்பி, அப்புறம் பேசு" என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் சொல்கிறேன். 'அவன் நல்லதுக்குத்தான்' என்று பொய் சொல்லும்போதே, உண்மையைத் தாங்கும் தகுதி உனக்கில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஏற்றத்தாழ்வு அங்கேதான் தொடங்குகிறது. அன்பாகப் பேசுவதால் அது மறைந்துவிடாது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், சிகிச்சை பலிக்க வேண்டுமானால் சிகிச்சையாளர் உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டக் கூடாது என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்தார். நம் பக்கத்தில் இதை நிய்யத் என்பார்கள். செயலுக்கு முன்னால் எண்ணம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளையிலேயே ஓதிக்கொடுத்த பாடம். தொழுகைக்கு நிய்யத் வைக்கிறவர்கள் பேச்சுக்கும் வைக்கலாமே.

ஏர்வாடி தர்கா வாசலில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று கனவில் உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்தச் சமத்துவத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். அங்கேயும் நோயாளியின் கதையை அவர் தலைக்கு மேலே உறவுக்காரர்கள்தான் சொல்கிறார்கள். 'மருந்தும் துவாவும்' (துவா என்றால் பிரார்த்தனை) என்று தர்காவை ஒட்டியே மருத்துவமும் கிடைக்க அரசு வழி செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. துவாவை விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. மருந்தைத் துவா என்று ஏமாற்றியும் கொடுப்பதில்லை.

'புத்தி தெளிவில்லாதவனிடம் என்ன உண்மை பேசுவது?' என்று கேட்பீர்கள். அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படியுங்கள். நோயாளிக்குப் புரியும் எளிய மொழியில் விவரம் சொல்லச் சொல்கிறது. அவர் எடுத்த முடிவு நமக்குத் தப்பாகத் தெரிவதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகாது என்றும் சொல்கிறது. உயிருக்கே ஆபத்து என்றால் அவசர சிகிச்சைக்கு 94ஆம் பிரிவு இருக்கிறது. அப்போதும் எங்கே கூட்டிப்போகிறோம், ஏன் என்று சொல்லிக் கூட்டிப்போக யாரும் தடுக்கவில்லை.

என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் நம் பயத்தைச் சொல்லலாம். "நீ ராத்திரி வெளிய போனா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. டாக்டரைப் பாக்கலாம்னு நெனக்கிறேன். நீ என்ன சொல்றே?" அவர் மாட்டேன் என்று சொல்லலாம், கத்தலாம். அன்றைக்கே கேட்டுவிடுவார் என்று நான் உறுதி தரமாட்டேன். தினமும் மாத்திரை போட முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடுகிற ஊசியும் இருக்கிறது. அவரையும் உட்காரவைத்து டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் கவனித்துக்கொள்கிறவர்களுக்கே மூச்சு முட்டினால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசுவார்கள்.