பெயர் வைத்தது நானா?

செட்அப்: பைத்தானில் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால் ஓடித் தயார்செய்யும் மெத்தட். பெயரின் நடுவில் வரும் 'யூ' பெரிய எழுத்து. அந்த ஓர் எழுத்துக்காக இன்று என் மதியம் முழுக்கப் போச்சு.

ஒரு பக் (பிழை) திருத்த நான் மாற்றியது ஒரே வரி. அதற்கு ஒரு டெஸ்ட் எழுதிப் புஷ் செய்தேன். டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனாலும் புஷ் செய்ததைத் தானாகச் சோதிக்கும் சிஐ சிவப்பு. கோட் எழுதும் நடையைச் சோதிக்கும் பைலின்ட் துரைக்கு மனக்குறையாம்: மெத்தட் பெயர் சின்ன எழுத்தில், அண்டர்ஸ்கோர் போட்டு இருக்க வேண்டுமாம்.

துரை, அந்தப் பெயரை வைத்தது நானா? அது டெஸ்ட்கேஸ் கிளாஸிலிருந்து பரம்பரையாக வந்த பெயர். ஜாவாவின் டெஸ்ட் லைப்ரரியான ஜேயூனிட்டைப் பார்த்து உருவான பைத்தான் டெஸ்ட் லைப்ரரி யூனிட்டெஸ்ட், 2001 ஏப்ரலில் பைத்தான் 2.1 வந்தபோது கூடவே வந்தது, நடுவில் பெரிய எழுத்து வைக்கும் 'கேமல்கேஸ்' ஒட்டகத் திமிலோடுதான் வந்தது. பைத்தானின் நடை விதிகளான பெப் 8 பிறந்தது அதே வருடம் ஜூலையில். மூன்று மாத இடைவெளியில் ஒரே வீட்டில் பிறந்த இரண்டும் இன்றுவரை முறைத்துக்கொண்டு நிற்க, அடி வாங்குவது நான். ஸ்டாண்டர்டு லைப்ரரி செய்தால் அது மரபு, அதே பெயரில் நான் மறுபடி எழுதி ஓவர்ரைடு செய்தால் குற்றம். மாமியார் உடைத்தால் மண்குடம்!

சரி, துரை சொன்னபடியே செய்து பார்ப்போம் என்று அண்டர்ஸ்கோர் போட்டேன். வார்னிங் மாயம். கூடவே செட்அப்பும் மாயம். பழைய பெயரில் இருந்தால்தானே டெஸ்ட்களை ஓட்டும் ரன்னர் அதைக் கூப்பிடும்? வரிசையாக ஆட்ரிப்யூட் எரர். வீம்புக்கு, டெஸ்ட் முடிந்ததும் சுத்தம் செய்யும் டியர்டவுனையும் மாற்றினேன். அது இன்னும் மோசம்: ஒரு டெஸ்ட்டும் விழவில்லை, தற்காலிக ஃபைல்கள் மட்டும் சத்தமில்லாமல் குவிந்தன. பைலின்ட் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

இதில் கொடுமை என்னவென்றால், ஓவர்ரைடு செய்த மெத்தடைப் பைலின்ட் பொதுவாகக் கண்டுகொள்ளாது. அதற்குத் தாய் கிளாஸ் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் டெஸ்ட்கள், பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவின் டெஸ்ட்கேஸிலிருந்து வருபவை. சிஐயில் பைலின்ட் ஓடும் லின்ட் ஜாபில் ஜாங்கோவையே நிறுவவில்லை. இம்போர்ட் எரர் என்று அது கத்தியிருக்கும்தான். அந்த வார்னிங்கை யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ அணைத்து வைத்திருக்கிறார். தாயை மறைத்துவிட்டுப் பிள்ளையிடம் "இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?" என்று விசாரணை.

இது புரியவே இரண்டு மணி நேரம். அதற்குள் பொறுமை போய், வரிக்கு வரி, 'இதைக் கண்டுகொள்ளாதே' என்று பைலின்ட்டுக்குச் சொல்லும் டிஸேபிள் கமென்ட் ஒட்டியிருந்தேன். சிஐ பச்சை. அப்பாடா என்று என் மெஷினில் ஓட்டினால், இங்கே ஜாங்கோ இருக்கிறதே! "இந்த டிஸேபிள் தேவையற்றது" என்று புதிதாக ஒரு மெசேஜ். அதையும் யாரோ வேலை மெனக்கெட்டு ஆன் செய்து வைத்திருக்கிறார்கள். சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

லின்ட் ஜாபில் ஜாங்கோவை நிறுவ ஒரு வரி சேர்த்தேன். கமென்ட் எல்லாவற்றையும் அழித்தேன். ரிவ்யூவில் வந்த கேள்வி: "இந்த மாற்றத்துக்கும் அந்த பக்குக்கும் என்ன சம்பந்தம்?"

அதெல்லாம் இருக்கட்டும். தினமும் என் நாற்காலியின் உயரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போவது யார்?