வெடிப்பு இல்லாமலும் வெள்ளம் வரும்

எரிமலை வெடித்தால்தான் அதன் வாயிலுள்ள ஏரியால் ஆபத்து, மற்ற காலத்தில் வெள்ளக் கணிப்பு வீண் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. நியூசிலாந்தின் ருவாபெஹு எரிமலையில் 1953 டிசம்பர் 24 அன்று, வெடிப்பு ஏதுமின்றியே ஏரியைத் தடுத்து நின்ற கரை சரிந்து, பாய்ந்து வந்த சேற்றுவெள்ளம் டாங்கிவாய் ரயில் பாலத்தைச் சிதைத்ததில் 151 பேர் இறந்தனர்.

ஏரியின் கொள்ளளவை மட்டும் வைத்து வெள்ளத்தைக் கணக்கிடுவதும் போதாது. கரை எவ்வளவு விரைவாக, எவ்வளவு அகலத்துக்கு அறுபடுகிறது என்பதே உச்சப் பாய்ச்சலை, அதாவது ஒரு நொடியில் பாயும் அதிகபட்ச நீரின் அளவை, பெரிதும் முடிவுசெய்கிறது. அதோடு, சரிவில் மணலையும் பாறையையும் அள்ளிக்கொண்டு வெள்ளம் பருப்பதையும் வெள்ளத்தைக் கணிக்கும் கணக்கீட்டு மாதிரியில் சேர்க்க வேண்டும். அதே ருவாபெஹுவில் 2007 மார்ச் 18 அன்று எரிமலைச் சாம்பலால் ஆன ஏரிக்கரை உடைந்தபோது, முன்னரே அமைத்திருந்த எச்சரிக்கை அமைப்பால் சாலைகளும் ரயில் பாதையும் மூடப்பட்டன, ஒருவரும் இறக்கவில்லை.