விரால் தொட்டியில் தண்ணீர் மாற்றத் தேவையில்லையா?

விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிப்பதால், வீட்டுத் தொட்டியில் தண்ணீரே மாற்ற வேண்டாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். காற்றைச் சுவாசிக்கும் என்பது சரி. செவுள்களுக்கு மேலுள்ள அறையில் அது காற்றை நிரப்பிக்கொள்கிறது. ஆனால் அது ஆக்சிஜன் தேவையை மட்டுமே தீர்க்கிறது. உடலில் உண்டாகும் அம்மோனியா என்ற நச்சுக் கழிவின் பெரும்பகுதி செவுள் வழியே தண்ணீரில்தான் கலக்கிறது; சிறுமீனும் இறைச்சியும் தின்னும் பெரிய விராலுக்கு அந்தக் கழிவு அதிகம். மற்ற மீன்களைவிட விரால் இதைத் தாங்கும் என்பதால், கேடு தாமதமாகவே கண்ணில் படுகிறது. சூடும் காரத்தன்மையும் கூடினால் அம்மோனியாவின் நச்சும் கூடும். வேலூரின் மே மாத வெயிலில், குடியாத்தம் பக்கத்து மொட்டைமாடிச் சிமெண்டுத் தொட்டி எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வண்ணமீன் கடைகளில் அம்மோனியா சோதனைத் திரவம் கிடைக்கும். பத்து நாள் மாற்றாத தொட்டி நீரையும், புதிதாகப் பிடித்த நீரையும் தனித்தனிச் சோதனைக் குழாய்களில் எடுத்து, உறையில் சொன்னபடி சொட்டுகளை விட்டு, நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். பரவலாக விற்கும் வகையில் மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. பச்சை அடர அடர அளவு கூடுகிறது.